விழாவில் பார்த்தது கைக்கு வர வேண்டும்: அனிமேஷன் கேள்வி–பதில்

அனிமேஷன், மோஷன் டிசைன் (எழுத்தையும் வடிவங்களையும் அசைக்கும் வடிவமைப்பு) விழாக்களுக்குப் போய்வந்தவர்களும் போக நினைப்பவர்களும் மதுரை வட்டாரத்திலிருந்து அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: முதல் முறையாக மூன்று நாள் அனிமேஷன் விழாவுக்குப் போகிறேன். ஒரே நேரத்தில் மூன்று அரங்குகளில் நிகழ்ச்சி இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
(கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

குறும்படத் தொகுப்புகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் மாணவர் படப் போட்டியைத் தவறவே விடாதீர்கள். பெரிய ஸ்டுடியோவின் 'எப்படி எடுத்தோம்' உரைக்குக் கூட்டம் அலைமோதும். ஆனால் அந்த விவரங்களில் பெரும்பகுதி பிறகு இணையத்துக்கு வந்துவிடும். விழாச் சுற்றில் இருக்கும் குறும்படங்கள் அப்படி வருவதில்லை. பல படங்களை ஓராண்டு, இரண்டாண்டு கழித்துத்தான் பொதுவில் விடுவார்கள். இன்னொரு காரணமும் உண்டு. ஆயிரம் பேர் செய்த படத்திலிருந்து நீங்கள் வியப்பை மட்டும்தான் எடுத்துவர முடியும். மூன்று பேர் ஓர் அறையில் உட்கார்ந்து செய்த படத்தில், கூட்டத்தை வரையக் கைபோதாமல் வெறும் செருப்புகளை மட்டும் வரைந்து சமாளித்திருப்பார்கள். அந்தச் சமாளிப்பு உங்களுக்கு நாளைக்கே உதவும்.

ஒரு நாளைக்கு இரண்டு தொகுப்பு, ஓர் உரை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தொகுப்பில் எட்டுப் பத்துப் படங்கள் வரும்; மூன்றாவது தொகுப்பில் கண் திறந்திருந்தாலும் மனம் வாங்காது. இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விட்டு, அந்த நேரத்தில் நோட்டை எடுங்கள். அரங்கில் நடு வரிசையில் உட்காருங்கள். முன்வரிசையில் திரை முழுவதும் ஒரே பார்வையில் அடங்காது, இயக்குநர் உங்கள் கண்ணை எங்கே இழுத்தார் என்பது பிடிபடாது. திரையைச் செல்போனில் படம்பிடிக்கக் கூடாது, வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: எல்லோரும் அனெசி, அனெசி என்கிறார்களே, அது என்ன?
(வாசகர், மேலூர்)

பிரான்சில் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். அனிமேஷனுக்கென்றே 1960-ல் தொடங்கிய விழா அங்கே ஜூன் மாதம் நடக்கிறது. குரோஷியாவின் ஜாக்ரெப் (1972), கனடாவின் ஒட்டாவா (1976) விழாக்களும் பெயர் பெற்றவை. நம் நாட்டில் ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் மூன்றுக்கும் சேர்த்து மும்பையில் 1990 முதல் ஒரு சர்வதேச விழா நடந்துவருகிறது. முதல் பயணத்துக்கு மும்பையே போதும்.

கேள்வி: போன விழாவில் ஐம்பது அறுபது படம் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் 'நல்லா இருந்துச்சு' என்பதைத் தவிர எதுவும் நினைவில்லை. நோட்டில் என்ன எழுதுவது?
(வடிவமைப்பாளர், கே.கே.நகர்)

கதையை எழுதாதீர்கள். விழாப் புத்தகத்திலேயே அது இருக்கும். ஒரு படத்துக்கு ஒரே ஒரு கணம் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் வரையுங்கள். பக்கத்தில் மூன்று செய்திகள்: எது அசைந்தது, எது அசையாமல் நின்றது, அப்போது காதில் என்ன கேட்டது. 'பாட்டி கதவு திறக்கும் காட்சி, அருமை' என்று எழுதினால் ஒரு வாரத்தில் அது செத்த குறிப்பு. இப்படி எழுதிப் பாருங்கள்: 'கை தாழ்ப்பாளில் நின்றது. ஒன்றரை விநாடி அசைவே இல்லை. வெளியே நாய்க் குரைப்பு மட்டும். அப்புறம் இரண்டே ஓவியத்தில் கதவு திறந்துவிட்டது.' இது ஆறு மாதம் கழித்தும் வேலைக்காகும்.

இருட்டில் ஒன்றரை விநாடி என்று எப்படிச் சொல்வது? மனசுக்குள் 'தகதிமி' போடுங்கள். வீட்டில் செல்போனில் மெட்ரோனோமை (தாளம் தட்டும் செயலி) நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு 'தகதிமி' சொல்லிப் பழகினால் ஒரு வாரத்தில் படிந்துவிடும். ஒரு தகதிமி ஒரு விநாடி, அதாவது 24 பிரேம் (படம் விநாடிக்கு 24 நிலைப்படங்களாக ஓடும் கணக்கு; ஒவ்வொன்றும் ஒரு பிரேம்). ஓர் எழுத்துக்கு 6 பிரேம். 'தகதிமி தக' என்று வந்தால் 36 பிரேம்.

எழுத மொத்தமான பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். பேனா தீர்ந்தது இருட்டில் தெரியாது. அன்று இரவே அந்தக் கிறுக்கலைத் தெளிவாக மறுபடி எழுதிவிட வேண்டும். மறுநாள் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது.

ஊர் திரும்பிய மூன்று நாளுக்குள் அறுபதிலிருந்து மூன்று குறிப்பை எடுத்து, ஒவ்வொன்றையும் 5 விநாடிச் சோதனையாகச் செய்யுங்கள். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேம் நிறுத்தும் வழக்கப்படி விநாடிக்கு 12 ஓவியம், 5 விநாடிக்கு 60. நடுவில் நிற்கும் இடங்களைக் கழித்தால் முப்பதுக்குள் முடிந்துவிடும். மூன்று நாள் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், அதன் பிறகு நினைவில் இருப்பது படம் அல்ல, படத்தைப் பற்றி நீங்கள் மற்றவர்களிடம் சொன்ன பேச்சு.

இந்தச் சோதனையில் பலரும் தடுக்கி விழும் இடம் அந்த 'அசையாமல் நிற்கும்' நேரம்தான். கணினியில் ஒரே ஓவியத்தை 36 பிரேம் நிறுத்தினால் வீடியோ சிக்கிக்கொண்ட மாதிரி தெரியும். அதே ஓவியத்தின் மேல் இன்னும் இரண்டு முறை கோடு போட்டு, மூன்று ஓவியங்களை 1–2–3–2 என்று இரண்டிரண்டு பிரேமாகச் சுழற்றுங்கள். உருவம் நிற்கும், கோடு மூச்சுவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு வேறொரு தொல்லை: ஒரே இடத்தில் இரண்டு பொசிஷன் கீ பிரேம் (எந்த நேரத்தில் பொருள் எங்கே என்ற குறி) வைத்திருப்பீர்கள், ஆனாலும் பொருள் நடுவில் மெல்ல நழுவிப் போய்த் திரும்பும். பாதை தானாக வளைவாவதுதான் காரணம். முதல் கீயை ஹோல்டு கீயாக (அடுத்த குறி வரை அசையாமல் நிற்பது) மாற்றுங்கள், அல்லது இடத்துக்கான இன்டர்பொலேஷனை லீனியர் (நேர்கோடு) ஆக்குங்கள்.

கேள்வி: விழாவுக்குப் போய்வந்த பிறகு நான் எது செய்தாலும் அங்கே பார்த்த ஐரோப்பியப் படம் மாதிரியே இருக்கிறது. காப்பியடிக்காமல் உந்துதல் பெறுவது எப்படி?
(அனிமேஷன் மாணவர், திருமங்கலம்)

நீங்கள் எடுத்துவந்தது அவர்களுடைய தோற்றம்: அந்த நிறம், அந்த நீள மூக்கு, அந்தக் காகிதச் சொரசொரப்பு. எடுத்துவர வேண்டியது அவர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவை உங்கள் பக்கத்தில் கிடக்கும் பொருளின் மேல் வைத்தால் சாயல் தானே கழன்றுவிடும்.

1926-ல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் முழுநீள நிழலுருப் படம் எடுத்தார். அட்டையில் வெட்டிய உருவங்கள், கம்பியால் பிணைத்த மூட்டுகள், கீழிருந்து வெளிச்சம். அதைப் பார்த்துவிட்டு நீங்களும் கருப்பு அட்டையில் இளவரசனை வெட்டினால் அது நகல். நம் பக்கத்தில் தோல்பாவைக் கூத்து இருக்கிறது. அடுத்த முறை பார்க்கக் கிடைக்கும்போது கதையை விட்டுவிட்டு, பாவை திரையிலிருந்து விலகும் கணத்தைக் கவனியுங்கள். திரைத்துணியில் ஒட்டி நிற்கும்போது விளிம்பு கூர்மையாக, தோலில் பொத்த துளைகள்கூடத் தெரியும். விளக்குப் பக்கம் நகர்ந்ததும் நிழல் பெரிதாகி, விளிம்பு கலங்கி, நிறம் வெளிறும். மூன்றும் ஒன்றாக நடக்கும். கணினியில் பாவையை வரவழைக்கும்போது வெறுமனே ஓப்பாசிட்டியை (அடர்த்தியை) மட்டும் கூட்டாமல், அளவு 160-லிருந்து 100, மங்கல் 40-லிருந்து 0, அடர்த்தி 30-லிருந்து 100 என்று மூன்றையும் ஒரே 10 பிரேமில் ஓட்டிப் பாருங்கள். அந்த வருகை எந்த ஐரோப்பியப் படத்தின் சாயலிலும் இருக்காது.

காட்சி அடுக்குக்கும் வெளியே தேட வேண்டாம். அழகர்கோவில் வசந்த மண்டபத்தின் மேற்கூரையில் ராமாயணம் பட்டை பட்டையாக, தமிழ் விளக்க வரிகளோடு தீட்டப்பட்டிருக்கிறது. ஒரே உருவம் அடுத்தடுத்து வரும்போது ஒரு காட்சி எங்கே முடிகிறது என்பதை மரமோ தூணோ சொல்லும். கட்டம் கட்டாத ஸ்டோரிபோர்டு அது. மீனாட்சி அம்மன் கோயிலில் பார்க்கப் போனால், உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. அது நல்லதுதான், நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள்.

அசைவுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் மல்லிகை மொட்டு மலர்வதைப் பிடியுங்கள். காலையில் பறித்த மொட்டு மாலையில் வாய் திறக்கும். நான்கு மணி நேரம் என்பது 14,400 விநாடி. 24 பிரேம் ஓட்டத்தில் 10 விநாடிப் படத்துக்கு 240 படம் வேண்டும். வகுத்தால் நிமிடத்துக்கு ஒரு படம். செல்போனை ஸ்டாண்டில் வைத்து, சார்ஜரில் போட்டு, விமானப் பயன்முறைக்கு மாற்றி, ஃபோகஸ், வெளிச்சம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் படம் படபடவென்று மினுக்கும். ஜன்னலை மூடிவிடுங்கள், பொழுது சாயும்போது வெளிச்சம் இறங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். விளக்கை மிக அருகில் வைத்தால் பூ மலர்வதற்கு முன்பே வாடும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நடமாடாதீர்கள், அந்த வெளிச்சம் பூவில் விழும்.

கிடைத்த 240 படத்தைப் பார்த்தால் ஒன்று புரியும். இதழ்கள் ஒரே சீராகத் திறப்பதில்லை. வெகுநேரம் சும்மா இருந்து, ஓர் இதழ் விடுபட்டதும் மற்றவை முந்துகின்றன. நம் மென்பொருளில் இருக்கும் 'ஈஸி ஈஸ்' வளைவு (மெல்லத் தொடங்கி மெல்ல நிற்பது) இப்படி இருக்காது. அந்தப் பூவின் வளைவை கிராஃப் எடிட்டரில் கையால் போட்டு, அதை ஒரு லோகோ திறப்பதற்கு வைத்துப் பாருங்கள்.

கேள்வி: கல்யாண அழைப்பிதழ் வீடியோ செய்து பிழைக்கிறோம். விழா உரைகளில் காட்டும் எழுத்து அனிமேஷன் எல்லாம் ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது. தமிழில் அதே முறையைப் போட்டால் எழுத்து உடைகிறது. எங்கள் வேலைக்கு இந்த விழாக்களால் பயன் உண்டா?
(ஸ்டுடியோ உரிமையாளர், உசிலம்பட்டி)

உண்டு. ஆனால் அங்கிருந்து பிரீசெட்டை (தயாராக வைத்த அசைவை) அப்படியே கொண்டுவந்தால் இல்லை. ஏன் உடைகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

'திருமணம்' என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து: தி, ரு, ம, ண, ம். யூனிகோடில் கணினிக்கு அது எட்டுக் குறிகள். இகரக் குறியும் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி. ஒவ்வொரு எழுத்தாக வரவழைக்கும் அனிமேட்டர் இந்தக் குறிகளைத் தனியே எண்ணினால், 'ம' வந்து நின்று, அடுத்த நொடியில் புள்ளி தனியாக விழும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் இன்னும் மோசம். 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று மூன்று எழுத்தாகவே தட்டப்படுகிறது. வரிசையைக் கலைத்துப்போடும் எஃபெக்ட்டில் கொம்பு ஒரு மூலைக்கும் கால் இன்னொரு மூலைக்கும் பறக்கும்.

உங்கள் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பதிப்பில் எழுத்து எஞ்சின் தேர்வு இருந்தால் முதலில் தெற்காசிய எஞ்சினுக்கு மாற்றுங்கள். கொம்பு இடம் மாறி நிற்பது அதோடு சரியாகும். ஆனாலும் எழுத்தெழுத்தாக அசைக்க வேண்டிய தலைப்புகளுக்கு நம்பகமான வழி ஒன்றுதான். மணமக்கள் பெயர், 'திருமண அழைப்பிதழ்' போன்ற இரண்டு மூன்று வரிகளை இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் தட்டி, வடிவமாக மாற்றி, முழு எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு லேயராகச் சேர்த்துவிடுங்கள். 'கொ' முழுவதும் ஒரு லேயர். பெயருக்குப் பத்து நிமிட வேலை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மாற்றுவதற்கு முன்பே வீட்டாரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். வடிவமான பிறகு திருத்த முடியாது, மறுபடி முதலிலிருந்துதான்.

அடுத்தது, கையால் எழுதுவது போல் எழுத்து ஓடிவரும் எஃபெக்ட். எழுத்தை வடிவமாக்கி டிரிம் பாத் (கோட்டைச் சிறிது சிறிதாக வெளிக்காட்டும் கருவி) போட்டால் எழுத்தின் ஓரம்தான் சுற்றிவரும், பேனா ஓடும் பாதை வராது. நடுக்கோட்டை நீங்களே பென் டூலில் வரைய வேண்டும், அதுவும் நாம் எழுதும் வரிசையில். அந்தக் கோட்டை எழுத்தைவிடச் சற்றுத் தடிமனாக்கி, எழுத்துக்கு 'மேட்' (matte) ஆக, அதாவது கோடு போன இடத்தில் மட்டும் எழுத்து தெரியும்படி, வையுங்கள். 'ழ', 'இ' போன்ற சுழி உள்ள எழுத்துகளில் தடித்த கோடு பக்கத்துச் சுழியையும் முன்கூட்டியே திறந்துவிடும். அங்கே எழுத்தை இரண்டாக வெட்டி, முன்பாதிக்கு ஒரு கோடு, பின்பாதிக்கு ஒரு கோடு.

விழாவில் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: அந்த வடிவமைப்பாளர் ஆங்கில எழுத்தின் எந்த உறுப்பை நடிக்கவைத்தார்? ஒருவர் 'i' எழுத்தின் மேல்புள்ளியைப் பந்தாகத் துள்ளவைத்திருப்பார். நம்மிடம் புள்ளி ஏராளம். சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் புள்ளி விழுகிறதே, அதே போல் வெற்றுத் துணியில் சாயம் பரவி வர, பெயரின் மெய்யெழுத்துப் புள்ளிகள் மட்டும் வெள்ளையாக மிஞ்சுவது போல் செய்து பாருங்கள். மதுரை மாப்பிள்ளை வீட்டாருக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: இசைக்கு ஏற்ற மாதிரி அசைவு வைத்தால் பாதி வரை சரியாக வருகிறது, பிறகு விலகிவிடுகிறது.
(பொறியியல் மாணவர், ஒத்தக்கடை)

1440-ஐ இசையின் வேகத்தால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள். 24 பிரேம் ஓட்டத்தில் ஒரு தட்டுக்கு எத்தனை பிரேம் என்று வரும். வேகம் 120 என்றால் 12, 96 என்றால் 15, 90 என்றால் 16. 100 என்றால் 14.4, இங்கேதான் சிக்கல். நீங்கள் 14 என்று வைத்தால் பத்துத் தட்டில் 4 பிரேம், முப்பது தட்டில் 12 பிரேம், அதாவது அரை விநாடி முந்திவிடும். இசையை நீங்களே போடச் சொல்வதானால் முழு எண் வரும் வேகத்தைக் கேளுங்கள். 25 பிரேமில் வேலை என்றால் 1440-க்குப் பதில் 1500. அங்கே 100 சுத்தமாக 15 ஆகிவிடும்.

தவிலுக்கோ பறைக்கோ அசைக்கிறவர்கள் நடையையும் பார்க்க வேண்டும். 12 பிரேம் தட்டு 'தகதிமி'க்கு மும்மூன்றாகவும், 'தகிட'வுக்கு நான்கு நான்காகவும் பிரியும். 'தகதகிட' என்று ஐந்தாகப் பிரிய 12 ஒத்துவராது; 15 பிரேம் தட்டு வேண்டும். அசைவு எப்போதும் ஒலி வரும் பிரேமிலோ, ஒன்றிரண்டு பிரேம் முன்போ இருக்கட்டும். பின்னால் வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: பையன் விழாவுக்குப் போகப் பணம் கேட்கிறான். அனுப்பலாமா?
(தந்தை, வாடிப்பட்டி)

முடித்த படம் ஒன்றாவது, 30 விநாடியே ஆனாலும், அவரிடம் இருந்தால் அனுப்புங்கள் ஐயா. காட்ட ஏதாவது இருப்பவரிடம்தான் அங்கே மற்றவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். இல்லையென்றால் இந்த ஆண்டு அந்தப் படத்தை முடிக்கச் சொல்லி, அடுத்த ஆண்டு அனுப்புங்கள்.

கேள்வி: வெளியூர் போக வசதியில்லை. மதுரையிலேயே நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா?
(நண்பர்கள் குழு, செல்லூர்)

அக்டோபர் 28-ஐ வைத்துக்கொள்ளுங்கள். 1892-ல் அந்த நாளில்தான் எமில் ரெய்னோ பாரிஸில் கையால் வரைந்த அசையும் படங்களை முதன்முதலாகப் பொதுமக்களுக்குத் திரையிட்டார். உலகெங்கும் அதுவே சர்வதேச அனிமேஷன் நாள். அவர் காட்டிய படங்களில் ஒன்றில் ஏறத்தாழ 500 ஓவியங்கள்தான். இன்றைய 24 பிரேம் கணக்கில் அது 21 விநாடிகூட இல்லை. அவர் சுருளைக் கையால் முன்னும் பின்னும் ஓட்டி, நிறுத்தி, அதைக் கால் மணி நேரக் காட்சியாக்கினார். உங்கள் பத்துப் பேருக்கும் இதையே பந்தயமாக வைக்கலாம்: ஆளுக்கு 24 ஓவியம், அதை வைத்து 20 விநாடிப் படம். திருப்பி ஓட்டலாம், நிறுத்தலாம், சுழற்றலாம், 25-வது ஓவியம் கூடாது. குறைவான ஓவியத்தில் நேரத்தை எப்படி நிரப்புவது என்று யோசிக்கும்போதுதான் விழாவில் பார்க்கும் படங்களின் சூட்சுமம் விளங்கும்.

பார்ப்பதற்குக் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் தளத்தில் ஏராளமான அனிமேஷன் படங்கள் இலவசமாக இருக்கின்றன. அங்கே படமெடுத்த நார்மன் மெக்லாரனின் படங்களில் தொடங்குங்கள். வீட்டில் பார்ப்பதில் விழாவுக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு, பிரேம் பிரேமாக நகர்த்தலாம். விஎல்சி என்ற வீடியோ இயக்கியில் ஆங்கில 'E' விசை அடுத்த பிரேம். யூடியூபில் நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசை அடுத்தது, காற்புள்ளி முந்தையது. இரண்டு முறை தட்டியும் படம் மாறவில்லை என்றால் கணினி கெட்டுப்போகவில்லை, ஒரே ஓவியம் இரண்டு பிரேம் நிற்கிறது. 24 பிரேம் படத்தை 30-ல் ஏற்றியிருந்தால் நடுநடுவே போலிப் பிரேம் வரும்; எண்ணும் முன் ஓட்ட வேகத்தைச் சரிபாருங்கள்.

பொதுவில் திரையிடுவதற்கு இணையத்தில் கிடைப்பதைப் போடக் கூடாது. படம் எடுத்தவருக்கு எழுதி, எந்த நாள், எந்த இடம், கட்டணம் உண்டா இல்லையா என்று சொல்லி அனுமதி கேளுங்கள். மாணவர் படம் எடுத்தவர்கள் பலர் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் போதும். மிக நீளமான படத்தை நடுவில் வைக்காதீர்கள், கடைசிக்கு முந்தியதாக வையுங்கள். படத்துக்குப் படம் 5 விநாடி கருப்பு விடுங்கள். அந்த இருட்டில்தான் பார்த்தவர் நோட்டில் கட்டம் போடுவார்.

மொட்டைமாடியில் என்றால் ஆறரைக்கு முன் ஆரம்பிக்காதீர்கள், வானத்தின் மிச்ச வெளிச்சம் கருப்பைச் சாம்பலாக்கும். திரையாகக் கட்டும் வேட்டித் துணியில் முதுகுப் பக்கம் வெளிச்சம் கசியும். பின்னால் கருப்புத் துணி கட்டுங்கள். எல்லாப் படத்தையும் 1080 அளவில், எச்.264 எம்பி4 ஆக, மாறாத ஓட்ட வேகத்தில் ஒன்றாக மாற்றிவிடுங்கள். செல்போனில் எடுத்த படங்களில் ஓட்ட வேகம் ஏறி இறங்கும், அதுதான் பாதியில் ஒலியும் வாயும் பிரிவதற்குக் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (மாறாத வேகம்) என்று தேர்ந்தால் சரியாகும். ஒலியளவு படத்துக்குப் படம் வேறுபடும். அதை முன்னாலேயே காதால் கேட்டுச் சமன்செய்து, முதல் நாள் மாலையில், அதே மடிக்கணினி, அதே புரொஜெக்டர், அதே ஸ்பீக்கரில் முழுவதையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.